அளவு சொல்லி முடித்த பிறகு

எங்கள் தையற்கடையில் பெண்களுக்கு அளவெடுப்பவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முன்னறையில் திரைக்குப் பின்னால் அளவெடுப்பாள். கடைசி அறையில் துணியை விரித்துப்போட்டு, சாக்பீஸோடு கட்டிங் மாஸ்டர் காத்திருப்பார். இடையில் நீளமான நடைவழி. தோள், மார்பு, இடுப்பு என்று உடம்பு போகிற வரிசையிலேயே எண்களை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டு அதைக் கடப்பாள்.

எழுதிக்கொள்ளச் சொன்னால், "பேனா தேடுற நேரத்துல சொல்லிட்டே வந்துடுவேன்" என்பாள். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு விரலை உயர்த்துவாள். முதலாளியே ஆனாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மாஸ்டரிடம் ஒப்பித்ததும் அத்தனையும் மறந்துபோகும். "இப்ப கேட்டா எம்பேரே யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று சிரிப்பாள்.

தாயில்லாத தம்பியை அவள்தான் வளர்த்தாள். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். அவனுக்குக் கல்யாணமான பிறகும் மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

ஒருநாள் நர்ஸ் ஒருத்தியின் சீருடைக்கு அளவெடுத்துக்கொண்டு அவள் நடைவழியில் வந்தபோது, தம்பி மனைவி செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள்.

"அண்ணி, சாரத்துலேருந்து விழுந்துட்டாரு... போயிட்டாரு அண்ணி!"

டேப் அக்கா விரலை உயர்த்தினாள். அவளைத் தாண்டிப் போய் மாஸ்டரிடம் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் குரல் நடுங்கவில்லை. சொல்லி முடித்துத் திரும்பியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இழவு வீட்டில் இதே பேச்சுதான். "தம்பி செத்துட்டான்னு சொல்றா, இவ அளவு சொல்லிக்கிட்டு இருந்தாளாம். நெஞ்சா அது, கருங்கல்லா?"

அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. என் காதோரம் சொன்னாள்: "காதுல விழுந்துச்சுடி. உள்ள எடம் இல்ல. இப்பவும் அந்த நர்ஸோட அளவுதான் ஓடிக்கிட்டே இருக்கு. போக மாட்டேங்குது."

அடுத்த வாரம் நர்ஸ் வந்து சீருடையைப் போட்டுப் பார்த்தாள். "அக்கா, எள்ளளவும் பிசகல!"

டேப் அக்கா அன்றுதான் அழுதாள். கடையின் மெஷின்கள் அத்தனையும் நின்றன. "நல்லாருக்குன்னுதானே சொன்னேன்?" என்று அந்தப் பெண் எங்களைப் பார்த்து விழித்தாள்.

தாய்வீட்டுக்குப் போய்விட்ட தம்பி மனைவி பல மாதம் கழித்துக் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் சொன்னது அன்னைக்கு உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. அத உள்ள விட்டிருந்தா, கையில வச்சிருந்ததெல்லாம் கொட்டிப் போயிருக்கும்."

"கொட்டியிருக்கட்டுமே அண்ணி. அளவுதானே? மறுபடி எடுத்திருக்கலாமே."

டேப் அக்கா கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி வைத்தாள். பஸ் நிறுத்தம்வரை கூடப் போனாள். இருவரும் தள்ளித்தள்ளி நின்றதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். பஸ் வந்தது, தம்பி மனைவி ஏறிப் போனாள். அப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்லை.

டேப் அக்கா இப்போது அளவெடுப்பதில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பொத்தான்களுக்குக் காஜா எடுக்கிறாள். யார் கூப்பிட்டாலும் பாதித் தையலில் ஊசியைப் போட்டுவிட்டு, "சொல்லு, என்ன?" என்று எழுந்துவிடுகிறாள்.