றஸ்னா கீறிய உம்மா

றாஹிலா கடலோடு போய்விட்டாள் என்ற செய்தியை றாஹிலாவுக்கே வாசித்துச் சொன்னவர், கல்முனையில் இன்டர்நெட் கடை வைத்திருந்த அப்ராஸ் காக்கா.

யுத்தம் முடிந்ததென்று வானொலி சொல்லி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. சுனாமிக்குப் பிறகு மருதமுனையில் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டம் ஒன்றில் றாஹிலா குடியிருந்தாள். அங்கேயிருந்த பொது மண்டபத்தில் வாரத்தில் மூன்று பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படம் கீறப் பண்ணுவாள், கடதாசி வெட்டி ஒட்டப் பண்ணுவாள். ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த வேலை அது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கெட்டிக்காரி என்று அவளை எடுக்கவில்லை. மண்டபத்துக்குப் பக்கத்து வீடு அவளுடையது என்பதால் எடுத்தார்கள். பெரியவர்கள் நாலு பேர் கூடினால் முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொள்வாள். பிள்ளைகளோடு மட்டும் வாய் ஓயாது.

நிறந்தீட்டும் தாள்கள் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருந்தன. புதன்கிழமைகளில் அப்ராஸ் காக்காவின் கடைக்குப் போய் அச்செடுத்து வருவாள். வருகிற தாள்களோ ஒன்றும் இந்த ஊருக்கென்று செய்தவையல்ல. பனியை உருட்டிச் செய்த மனிதன் ஒருவன் வந்தான். “சாச்சி, இவருக்கு ஏன் மூக்கில கரட் குத்தியிரிக்கி? என்ன குத்தம் செஞ்ச?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். இன்னொரு தாளில் கொழுத்த பன்றி. எந்த வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்து, ஒவ்வொரு தாளிலும் கொம்பு கீறி எருமையாக்கிக் கொடுத்தாள். இவற்றையெல்லாம் சிரித்துச் சமாளித்தாள்.

அந்தப் புதன்கிழமை தாள்களைத் தேடிக்கொண்டிருந்த அப்ராஸ் காக்கா, பிள்ளைகள் கீறிய படங்களைப் போட்டிருந்த பக்கத்தைத் தவறுதலாகத் திறந்துவிட்டார்.

“தங்கச்சி, இது உங்கட மகள்ற பேரெல்லுவா? றஸ்னா, எட்டு வயசு, மருதமுனை.”

ஓம், இரண்டு வருசத்துக்கு முந்தி அவளுடைய மகள் கீறிய படம்தான். பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. உம்மா வீட்டுத் தறியில் நெய்கிற படம். குழித்தறியில் நெய்கிறவர்கள் நிலத்தில் வெட்டிய குழிக்குள் காலை விட்டுத்தான் இருப்பார்கள். இடுப்புக்கு மேலேதான் ஆள் தெரியும். படத்தில் உம்மாவுக்கும் அப்படித்தான் கால் இல்லை. முன்னால் நீல நூல் தாள் முழுக்க விரிந்து கிடந்தது. குறுக்கு நூலைக் கொண்டோடும் ஓடத்தின் கயிற்றை இழுக்க ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

படத்துக்குக் கீழே இங்கிலீசில் நாலு வரி இருந்தது. அப்ராஸ் காக்கா அதை மனதுக்குள் வாசித்துவிட்டுப் பக்கத்தை மூடப் பார்த்தார்.

“என்ன எழுதியிரிக்கி காக்கா?”

“உடுங்க, வேற தாளப் பாப்பம்.”

“வாசிங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். “கடல் கொண்டுபோன தாய். றஸ்னா தன் தாயைக் கடைசியாகக் கண்டது இப்படித்தான். இடுப்பளவு தண்ணீரில், உதவிக்குக் கையை உயர்த்தியபடி.” நிமிர்ந்து அவளைப் பார்க்காமலே சொன்னார்: “உங்களத்தான் சொல்லுறானுகள் தங்கச்சி.”

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடல் கொண்டுபோனது அவளுடைய தங்கச்சி கமீலாவை. மூன்றாம் நாள்தான் மையித்துக் கிடைத்தது. அவசர அவசரமாகப் பலரோடு ஒன்றாக அடக்கினார்கள். கமரா தூக்கிக்கொண்டு வந்த எவரும் அவளுடைய பேரைக் கேட்கவில்லை. உண்மையாகவே போனவளுக்கு ஒரு வரி இல்லை. தினமும் உலை வைத்துச் சோறாக்குகிறவளைச் சாகடித்துப் போட்டு ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டியிருக்கிறார்கள்!

விசயத்தைக் கேட்ட அவளுடைய புருசன் ஷரிபுதீன், “நீ மௌத்தாகினத்த எனக்கு ஒருத்தரும் அறிவிக்கல்லியே” என்றான். அவள் பார்த்த பார்வையில் தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான்.

றஸ்னா பதறிப்போனாள். “நான் அப்பிடிச் சொல்லல்ல உம்மா. படம் வாங்க வந்தவங்க தண்ணியா எண்டு கேட்டாங்க. இல்ல, நூல் எண்டுதான் சொன்ன.” பிறகு மெதுவாகக் கேட்டாள்: “இனிப் பள்ளிக்கூடத்தில எனக்கு உம்மா இல்ல எண்டு சொல்லுவாங்களா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு றாஹிலாவுக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. அந்த வரிகளை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை நிறுவனத்து உத்தியோகத்தர் யசோதினி வந்தாள். காரைதீவுப் பிள்ளை, தன்மையானவள். இந்த முறை “சமாதானம்” என்று பிள்ளைகளைக் கீறச் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். றாஹிலா அவளை மண்டபத்துக்குள் விடவில்லை.

“றாஹிலாக்கா, அது கொழும்பு ஒபிசில எழுதினது. எனக்குத் தெரியாது.”

“இப்பத் தெரியும்தானே மிஸ். மாத்தச் சொல்லுங்க.”

“அந்தப் படத்தத்தான் வெளிநாட்டு ஆக்கள் ஆகக் கூடப் பாத்திருக்காங்க அக்கா. கண்ணீர் வந்த எண்டு எழுதியெல்லாம் அனுப்பியிருக்காங்க. உங்களப் பத்தி எண்டு நினைக்காதீங்களன். எல்லாத் தாய்மாரையும் குறிக்குது எண்டு எடுங்க.”

“வாங்க” என்று றாஹிலா அவளைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். தறிக்குழிக்குள் காலை விட்டு இருந்தாள். கையைத் தூக்கிக் கயிற்றை இழுத்தாள். ஓடம் சடாரென்று ஓடியது.

“பாருங்க மிஸ். நல்லாப் பாருங்க. நான் உங்களுட்ட உதவி கேக்கனா?”

யசோதினியின் முகம் கறுத்துப் போனது. கொப்பியை எடுத்து, றஸ்னாவைக் கூப்பிட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்: இது எங்கட உம்மா. சாறன் நெய்யுறா. சோறாக்கப் போகணும் எண்டு கெதியா நெய்யுறா. “இதையே போடச் சொல்லுறன் அக்கா” என்று உறுதி சொன்னாள். றஸ்னா அன்று முழுக்கக் குதித்துக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த புதன்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு கல்முனைக்குப் போனாள் றாஹிலா. அப்ராஸ் காக்கா மேலும் கீழும் தேடினார். படம் இல்லை. அது இருந்த இடத்தில் வேறெந்த ஊரிலோ ஒரு பிள்ளை கீறிய பெரிய அலை இருந்தது.

“மாத்தல்ல தங்கச்சி. அழிச்சிட்டானுகள்.”

“என்ட படம் வடிவில்லியா உம்மா?” என்றாள் றஸ்னா.

சனிக்கிழமை யசோதினி சமாதானப் படங்களை வாங்க வந்தபோது றாஹிலா மண்டப வாசலில் பிள்ளைகளின் படக் கட்டோடு நின்றாள். முக்காடு தோளில் கிடந்தது. அவளுடைய குரல் அந்த வரிசை வீடுகளெல்லாம் கேட்டது.

“அலையில போன உம்மாவ ரெண்டு வருசமா வெச்சிருந்தீங்க. உசிரோட இரிக்கிற உம்மாவ ஒரு கிழம வெச்சிருக்க ஏலாமப் போச்சா? அப்ப இந்தப் புள்ளையள்ற படமும் உங்களுக்குத் தேவையில்ல.”

“நான் எழுதிக் குடுத்தன் அக்கா. சத்தியமா. அது ஆருக்கும் மனசத் தொடாது எண்டுட்டாங்க.”

“அவங்கட மனசத் தொடுறத்துக்கு நாங்க சாகணுமா மிஸ்?”

 யசோதினி வெறுங்கையோடு ஸ்கூட்டரில் ஏறினாள். இனி அங்கிருந்து ஒரு பென்சில்கூட வராது என்று றாஹிலாவுக்குத் தெரியும். கட்டை அவிழ்த்தாள்.

“தள்ளுப்படாம நில்லுங்க” என்றாள் பிள்ளைகளிடம். “பேர் சொல்லக்குள்ள வந்து அவங்கவங்க படத்த வாங்குங்க. ஊட்டுல குடுத்து, இது என்ன எண்டு நீங்களே சொல்லுங்க.”