கபிரியேல் அண்ணன் தேடிய நாற்றம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னார்: "மோட்டார் ஓட்டுற கபிரியேலு செத்துப் பூட்டான்." கொட்டகைக்குள், வண்டிக்கு அடியில் கிடந்தாராம். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு அவர் ஓட்டிய வண்டியில் போய்வரும் நமக்கெல்லாம் அதன் புகை தெரியும். மழைக்காலத் தொடக்கத்தில் அது கறுப்பாகக் கக்கியது. கபிரியேல் அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, வாயால் ஊதிப் பூட்டினார். புகை நின்றது. வண்டி முதலாளி தேங்காய் உடைத்தார். அண்ணன் மட்டும் மூக்கைச் சுளித்தார். "புகை பூடுச்சி, நாத்தம் போவலியே பாப்பா. எங்கியோ புகைக் குழாய் வெடிச்சிருக்கு."

வண்டியைச் சில நாள் நிறுத்தும்படி அவர் முதலாளியிடம் கேட்டபோது நான் முன்சீட்டில் இருந்தேன்.

"நிறுத்தினா கடலூர்க்காரன் வண்டி வந்து குந்திக்கும்டா" என்றார் முதலாளி.

மறுநாள் ஏறும்போதே சாம்பிராணி மணத்தது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள்கூட நம் வண்டியைத் தேடி வந்தார்கள். நமக்கும் அந்த மணம் பிடித்துத்தான் இருந்தது. அண்ணன் தூபக்காலை எடுத்து வெளியே வைப்பார். முதலாளி திரும்ப உள்ளே வைப்பார்.

"நாத்தத்த மூடிட்டா நான் இன்னாத்த மோந்து கண்டுபுடிக்கிறது?"

"சாமி புகைடா அது. ஒனக்கு ஆவாதா?"

"எங்க கோயில்லயும் இதேதான் போடுறாங்க, முதலாளி. அங்க என்ஜின் இல்ல."

ஞாயிறு வண்டி ஓடாது, சாம்பிராணியும் இல்லை. அன்றுதான் தேடியிருக்கிறார். வெளியில் காற்று வாடையைக் கலைத்துவிடுகிறது என்று கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டாராம். "சாத்துனாத்தான் எங்க கசியுதுன்னு மூக்கு சொல்லும்னாரு" என்று அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னார்.

புதன்கிழமை வண்டி ஓடியது. புது டிரைவர், அதே சாம்பிராணி. கசிவை யாரும் தேடவில்லை. பள்ளிக்கு வேறு வண்டியும் இல்லை.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி. வழியில் தவளக்குப்பத்தில் வண்டி நின்றதும் திரும்பிப் பார்த்துக் கேட்பார்: "யாருக்குத் தலை நோவுது? எந்தப் பக்கம் குந்தியிருந்தீங்க?"

மீன் விற்கும் அஞ்சலை ஒருமுறை, "எனக்கு எம் மாமியாரால நோவுதுடா, ஒன் வண்டியால இல்ல" என்றாள்.

அவர் விடவில்லை. "சரி, மாமியா எந்தப் பக்கம் குந்தியிருந்துச்சி?"

நேற்று இறங்கும்போது எனக்குத் தலை நொந்தது. பின்சீட்டு, வலது ஓரம். சொல்ல ஆளில்லை.