நடுவில் நிற்பவர்

அக்கா லண்டனுக்குப் போன அன்று விடியற்காலை, கடற்கரையில் நான் பிடித்துக்கொண்டிருந்த போன் வியர்வையில் வழுக்கியது. அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து அம்மாவையும் அக்காவையும் என் ஓட்டோவில்தான் ஏற்றி வந்திருந்தேன். கொழும்புக்குப் போகும் வான் வண்டி எட்டு மணிக்கு. அதற்குள் அக்காவுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது: எங்கள் மூன்று பேரையும் சேர்த்து ஒரு படம்.

கேட்பவருக்கு அது சின்ன விஷயம். எங்கள் வீட்டில் அப்படியில்லை. மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்கள். அப்பா இருக்கும்வரை நாங்கள் நான்கு பேர். அவர் போனபின் குடும்பப் படமே இல்லை. நல்லநாள் பெருநாளில் யாராவது போனைத் தூக்கினால், பக்கத்து வீட்டுப் பிள்ளையையாவது இழுத்து நிறுத்தி நாலு பேராக்கிவிடுவேன். ஆள் கிடைக்காவிட்டால் நானே விலகிவிடுவேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கும் பயம். சட்டதிட்டம் என்று ஒன்று இருந்தால்தான் எனக்கு ஆறுதல். ஓட்டோவின் முதல் ஹயர் சவாரிக்கு முன் சூரிய உதயத்தைப் படம் எடுக்கப் பழகியபோதும் போனில் வீடியோ பார்த்துச் சட்டங்களைத்தான் முதலில் படித்தேன். கடலும் வானும் தொடும் கடல்கோடு சரியக்கூடாது. படத்தை மூன்றாகப் பிரித்து, சூரியனை நடுவில் வைக்காமல் ஓரத்துக் கோட்டில் வைக்கவேண்டும். எடுப்பவனின் நிழல் விழவே கூடாது. ஒற்றைப்படைதான் அழகு என்றும் சொன்னார்கள். படகுகளை மூன்று மூன்றாக எடுத்தேன். மனிதர்களை மட்டும் எடுக்கவில்லை.

அன்று நடைக்கு வந்த ஒரு பெண், "நீங்களும் போய் நில்லுங்கோ தம்பி, நான் எடுத்துத் தாறன்" என்று கையை நீட்டினார். நான் அசையவில்லை. அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"தொடங்கிட்டான். நான் நடுவில நிக்கிறன், வா."

"நீ இண்டைக்குப் பிளேன் ஏறப் போறாய்."

"அப்ப நான் நிக்கிறன்," என்றார் அம்மா. "நான் இருந்து என்ன கண்டன்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ அம்மா."

அப்படியென்றால் நானே நடுவில் நிற்கிறேன் என்றேன். இருவரும் ஒரே குரலில் "ஏலாது" என்றார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, "நீங்கள் முடிவெடுக்கச் சூரியன் உச்சிக்கு வந்திடும்" என்று நடையைத் தொடர்ந்தார்.

கடைசியில் அவர்கள் இருவரை மட்டும் எடுப்பதாகச் சொன்னேன். கடலுக்கு முன் நிறுத்தினால் முகங்கள் கறுத்துப்போயின. அதனால் வெயில் முகத்தில் விழும்படி, எதிரே இருந்த வெள்ளை மதிலோரம் நிற்கச் சொன்னேன். இடையில் ஓர் ஆள் நிற்குமளவு இடம்விட்டு நின்றார்கள். கிட்ட நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரையில் பார்த்தேன். என் நிழல் மதிலில் ஏறி, அந்த இடைவெளியில், என் உயரத்திலேயே நின்றது. விலகப் போனேன்.

"அசையாதை," என்றாள் அக்கா. "அப்பிடியே எடு."

"நிழல் விழக்கூடாது அக்கா."

"விழட்டும். நிழல் ஆளில்லைத்தானே. உன்ர கணக்குக்கு நாங்கள் ரெண்டு பேர்தான்."

அம்மா மதிலில் என் நிழலின் தோள் இருந்த இடத்தில் கையை வைத்தார். எடுத்தேன்.

இன்றும் நான் கடல்கோட்டைச் சரியவிடமாட்டேன். சரிந்தால் பார்ப்பவரின் கண் கடலை விட்டுச் சரிவுக்குத்தான் போகும். நிழல் பற்றிய சட்டம், எடுத்தவன் அங்கே நின்றதை மறைப்பதற்கு. அன்று அதை மறைக்கத் தேவையிருக்கவில்லை.

அந்தப் படம் லண்டனில் அக்காவின் வீட்டுச் சுவரில் இருக்கிறது. போனைப் பிடிக்கக் கைகளை உயர்த்தியிருந்ததால், நிழல் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பவன் போலத் தெரிகிறது. "உன்னை மாதிரியே இருக்கு" என்று அக்கா சிரிப்பாள். அம்மாவுக்கு அது மட்டும் பிடிக்காது.

அக்காவின் மகளுக்கு இப்போது மூன்று வயது. என்னை நேரில் கண்டதில்லை. போன ஞாயிறு, நான் போனை அம்மாவுக்கு முன் பிடித்திருக்க, வீடியோவில் கதைக்கும்போது, மாமா எங்கே என்று அக்கா கேட்டாள். பிள்ளை போனைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தைக் காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தன் தலையில் வைத்துக்கொண்டது.

"முகத்தைக் காட்டடா அதுக்கு," என்றார் அம்மா.

போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். அம்மாவின் பக்கத்தில் போய், கைகள் இரண்டையும் கீழே விட்டுக்கொண்டு நின்றேன்.