ஆரஞ்சுப் பழமும் பொறுமைசாலிப் பட்டமும்

எங்கள் சொந்தத்தில் ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு பட்டத்தையும் கொண்டு வருவார்கள். "முனகக்கூட இல்லயே, என்னா பொறும!" மகன் சிசேரியனில் பிறந்தபோது அந்தப் பட்டம் எனக்குக் கிடைத்தது. வலிக்கு ஊசி போட வந்த நர்ஸை, "பால் கொறஞ்சிடும், வேணாம்" என்று அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, திருப்பி அனுப்பிவிட்டார். தன் பிரசவ ஆபரேஷனில் கண் கலங்காத கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லிப் பெருமைப்படுகிறவர் அவர். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மகன் காலேஜுக்கே போய்விட்டான். தையல் போட்ட இடத்து வலி மட்டும் போகவில்லை.

போன வருஷம் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்றார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே குறிஞ்சிப்பாடி போய், அங்கே நின்றபடியே பாடம் நடத்துகிற டீச்சர் நான். இன்னொரு வலியும் வந்து ஒட்டிக்கொண்டால் வேலையை விடவேண்டியதுதான். அந்தப் பயத்தில் தூக்கம் போயிற்று.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா, "பழைய ஆபரேஷன் எடத்துல இப்பவும் வலிக்குதா?" என்று கேட்டார். துணைக்கு வந்திருந்த அண்ணி முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். இவ எல்லாத்தயும் தாங்கிப்பா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வலிக்குது டாக்டர். இத்தன வருஷமா வலிக்குது. தூக்கமும் இல்ல, பயமா இருக்கு."

"நல்லவேள சொன்னீங்க. ஏற்கெனவே வலி இருந்தா, பயமா, தூக்கமில்லாம இருந்தா, ஆபரேஷன் வலி தங்கிப்போற வாய்ப்பு ஜாஸ்தி. மொத சில நாள் வலிய அடக்காம விட்டாலும் அப்படித்தான். வந்தே தீரும்னு இல்ல. நாங்க ஆரம்பத்துலயே மருந்து குடுப்போம். வலிச்சா நீங்க வாயத் தொறந்து சொல்லணும்."

சொல்லியே தீருவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆபரேஷனுக்கு மறுநாள் முதுநகரிலிருந்து பார்க்க வந்த சொந்தங்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "சத்தமே இல்ல பாரு" என்று ஒருவர் ஆரம்பித்ததும் பெல்லை அழுத்தினேன். "சிஸ்டர், வலி ஜாஸ்தியாவுது. மருந்து குடுங்க." ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பட்டம் பறிபோனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

அவர்கள் கிளம்பிய பிறகு அண்ணி கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்கும் இன்னும் இங்க வலிக்குதும்மா. அந்த டாக்டரம்மாகிட்ட என்னயும் கூட்டிட்டுப் போறியா?"