நேரம் மூன்று மணி இருபது நிமிடம்

வானொலி நிலையத்தில் அவரை எல்லோரும் காலையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விடியற்காலை நிகழ்ச்சியை இருபது வருஷமும் அவரே நடத்தியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கடைசியில் கேட்க ஆளில்லை என்று சொல்லி நிலையத்தையே இழுத்து மூடினார்கள். அப்படியானால் இத்தனை காலமும் சுவரோடா பேசிக்கொண்டிருந்தோம் என்று அக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று.

பிறகு கிடைத்தது ஒரு பல் மருத்துவரிடம் டோக்கன் கூப்பிடும் வேலை. "எண் பதினான்கு, உள்ளே வரலாம்" என்று அவர் சொல்லும் அழகில், கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்து பாட்டு வருமோ என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். மருத்துவர் தங்கமான மனிதர். ஆனாலும் நாளெல்லாம் எண்ணை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அலுக்காது?

அங்கே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்த ஒரு பெண், அக்காவின் குரலைக் கேட்டு வலியையே மறந்துவிட்டாள். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும் அவள், இணையத்தில் ஒலி நிகழ்ச்சி நடத்துகிறவள்.

"இப்ப ரேடியோ பெட்டி வாங்கறவங்க குறைவுதான்க்கா. ஆனா நடக்கறப்ப, சமைக்கறப்ப, எப்பப் பாத்தாலும் எல்லார் காதுலயும் ஏதாவது ஓடிட்டேதான் இருக்கு. ஆறு வாரம் போட்டுப் பாப்போம். சரியா வந்தா தொடரலாம்."

மருத்துவர் ஆறு வாரம் விடுப்பு கொடுத்தார். நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பழைய மெத்தை, நடுவில் மைக். வாரம் ஒரு தொழிலாளியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, அவருடைய ஒரு நாளைக் கதையாகச் சொல்லுவார் அக்கா. லிஃப்ட் பழுதுபார்ப்பவரைப் பற்றிச் சொன்னது அவருக்கே பிடித்திருந்தது.

வந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பேச்சுக்கு நடுவே கண் தன்னால் கடிகாரத்துக்குப் போகும், வாய் தன்னால் நேரத்தைச் சொல்லும். நேரலையில் அது சரி. இது இன்று பதிவு செய்து, என்றைக்கோ எவரோ கேட்பது. ஹெட்போன்காரி சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதையும் வாங்கி வைத்தாள். அக்கா குத்துமதிப்பாகச் சொன்னார்! தலையில் அடித்துக்கொண்டு, வாராவாரம் அந்த இடத்தை வெட்டி எறிவாள்.

ஆறாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல், வெட்டாமலே வெளியிட்டுவிட்டாள். மறுநாள் காலை, காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் காதில் அவர் குரலே விழுந்தது: "நேரம் மூன்று மணி இருபது நிமிடம்."

"போச்சு! மறுபடியும் டோக்கன்தான்," என்று கத்தியைக் கீழே வைத்தார்.

பேருந்து ஓட்டுநரான வீட்டுக்காரர் அன்று விடுமுறையில் இருந்தார். "எவன் கவனிக்கப் போறான்? விடு," என்றார்.

"கவனிக்கலன்னா அது இன்னும் மோசம்ங்க."

வந்த கருத்துகளைத் திறந்து பார்க்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஒலிப்பதிவு அறைக்குப் போனால், ஹெட்போன்காரி சிரித்தபடி கணினித் திரையைத் திருப்பினாள். முதலில் கேலிதான். கடிகாரத்துக்கு பேட்டரி மாத்துங்கக்கா என்று ஒருவர். இங்கே மணி ஏழு, யாரை ஏமாத்தறீங்க என்று இன்னொருவர். அதற்குக் கீழே ஆளாளுக்குத் தங்கள் நேரத்தை எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

"இங்க விடியக்காலம் நாலு. குழந்தை இப்பத்தான் தூங்குச்சு."

"மதியம் பன்னெண்டு. கிடங்குல பெட்டி அடுக்கிட்டே கேக்கறேன்."

"மணி பாக்கலக்கா. ஆஸ்பத்திரி வராந்தால உக்காந்திருக்கேன். நீங்க பேசிட்டே இருங்க."

அக்கா விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். இவ்வளவு வருஷம் ஊருக்கெல்லாம் நேரம் சொன்னவருக்கு, ஒருத்தரும் பதிலுக்குச் சொன்னதில்லை. சுவரோடு பேசவில்லை, ஆட்கள் இருக்கிறார்கள். அவருக்குக் கண் கலங்கியது.

"நிகழ்ச்சி தொடருதுக்கா. நேரத்தையும் இனிமே வெட்ட மாட்டேன்," என்றாள் ஹெட்போன்காரி.

அப்பாடா என்றிருந்தது. அங்கிருந்தபடியே மருத்துவருக்குப் போன் போட்டு, தன் டோக்கன் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னார் அக்கா. பிறகு மீதியையும் வாசிக்க உட்கார்ந்தார். கடைசியில் ஒன்று, அன்று மதியம்தான் வந்திருந்தது.

"மணி ரெண்டு. டிப்போல வண்டி கழுவறாங்க. எனக்கு எப்பவும் காலைல முதல் வண்டி, லீவுன்னா தூக்கம். அதனால இந்தம்மா ரேடியோல இருந்த காலம் முழுக்க ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. இப்பத்தான் ஆறு வாரத்தையும் உக்காந்து கேட்டேன். இவ்ளோ நல்லா பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

பெயர் போடவில்லை.

"யாருக்கா இது, உங்க பழைய ரசிகரா?" என்று ஹெட்போன்காரி எட்டிப் பார்த்தாள்.

"புதுசும்மா," என்றார் அக்கா. "எங்க வீட்டுக்காரர்."