அப்பாவின் காதுக்கு ஒரு சப்வூஃபர்

என் அப்பா எல்லாரையும் புகழத் தொடங்கியபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அவர் புகழ்கிற ஆள் அல்ல. தோட்டத்தில் வெங்காயம் வைத்தவர், தவிலைக் கையால் தொட்டதே இல்லை. ஆனாலும் உரும்பிராயிலோ கோப்பாயிலோ கோயில் திருவிழா என்றால் தவில்காரருக்கு அருகில் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்பார். மேளச் சமா முடிந்ததும் நேரே போய், “தம்பி, கடைசித் தீர்மானத்திலை தாளத்தை இழுத்துப்போட்டாய், கவனி” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார். தவில்காரர்கள் கோபிக்கமாட்டார்கள். கிழவன் வந்திருக்கிறாரோ என்று பார்த்துவிட்டுத்தான் தவில் வாரை இறுக்குவார்கள் என்று கேள்வி.

பிறகு காது போனது. முதலில் நாதஸ்வரம் போனது, அடுத்து எங்கள் பேச்சு. அப்பா அதை ஒத்துக்கொள்வாரா? யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு, “ஓமோம், வடிவாயிருக்கு” என்பார். ஒரு கலியாண வீட்டில், மைக் கீச்சிட்டு எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு நின்ற நேரம், வாசித்து முடித்த தவில்காரப் பையனின் தோளில் தட்டி, “அந்தமாதிரி, தம்பி!” என்றார். அவன் வெலவெலத்துப்போய் என்னிடம் வந்தான்.

“அண்ணை, ஐயாவுக்கு ஏதும் சுகமில்லையோ?”

அதோடு அப்பா திருவிழாவுக்குப் போவதையே விட்டுவிட்டார். அங்கே போனால் அபிப்பிராயம் கேட்பார்கள், என்ன சொல்வது என்ற வெட்கம். காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். காதுக்குள் ஆரோ தகரம் உரஞ்சுகிறான் என்று கழற்றிச் சாமித்தட்டில் வைத்துவிட்டார். பிள்ளையாருக்கு இப்போது நன்றாகக் கேட்கும்.

ஒருநாள் கார் கராஜில் நின்றதால் அப்பாவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு மினிபஸ்ஸில் கூட்டிப்போனேன். எங்கள் மினிபஸ் பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. கோதாரி விழுவான், கொஞ்சம் குறையடா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், பின்சீற்றில் ஸ்பீக்கருக்கு மேல் இருந்த அப்பாவின் விரல் முழங்காலில் தாளம் போடுகிறது. பிசகாத தாளம்!

“கேக்குதே அப்பா?” என்று காதுக்குள் கத்தினேன்.

“காதாலை இல்லையடா. சீற்றாலை கேக்குது.”

கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும், தடித்த சத்தம் பிந்தித்தான் போகும் என்று டொக்டரும் சொன்னார். எனக்கு மூளையில் பல்ப் எரிந்தது. தவிலின் இடப்பக்கத்தை, தடியால் அடிக்கிற அந்தத் தொப்பியின் சத்தத்தை, என் காரின் சீற்றுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டால்? அப்பா மறுபடி தவில் கேட்பார். அது நடந்தே ஆகவேண்டும் என்று அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

நானும் மனைவியும் ரவுனில் கார் ஓடியோக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இளம்பிள்ளை, பொறுமைசாலி. இரண்டு சப்வூஃபர்களைக் காட்டினார். ஒன்று பெரியது, அதன் பெட்டியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. மற்றது சின்னது, சுற்றிவர அடைத்த பெட்டி. நான் குனிந்து, பலாப்பழம் பார்ப்பதுபோல இரண்டையும் விரலை மடக்கித் தட்டினேன்.

“அண்ணை, அண்ணை! தட்டாதேங்கோ, கிழிஞ்சுபோம்!”

தட்டிப் பார்க்காமல் எங்கள் ஆட்கள் எதை வாங்கியிருக்கிறார்கள்? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, “எனக்கு அதிர்வு வேண்டாம் தம்பி, துல்லியம்தான் வேணும்” என்றேன்.

“அப்ப மூடின பெட்டியை எடுங்கோ. ஓட்டைப் பெட்டி சத்தத்தைப் பெருப்பிக்கும், ஆனால் அடி முடிஞ்ச பிறகும் இழுத்துக்கொண்டு நிக்கும். மூடினது சத்தம் குறைவு, அடிச்சது அடிச்ச இடத்திலை நிக்கும்.”

எல்லாம் விளங்கியது. தலையையும் ஆட்டினேன். பிறகு அவர் பெரியதைப் போட்டுக் காட்டினார். கண்ணாடி அலுமாரி கிலுகிலுத்தது, என் வயிறு குலுங்கியது, மனைவி தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்திலேயே நான் விழுந்துவிட்டேன். ஒரே மரத்தடியில் பெரிய பலாப்பழத்தை விட்டுச் சின்னதைத் தூக்கிவருகிற வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை.

“இஞ்சேருங்கோ, டிக்கியிலை உந்தப் பெட்டியை வைச்சால் வெங்காயத்தை எங்கை வைக்கிறது? உங்கடை தலையிலையே?” என்று மனைவி கேட்டாள். ஒரு மூலையில் இடமிருக்கிறது என்று சமாளித்தேன்.

புதுச் சாமான் வந்தால் பிள்ளையாரிடம் காட்டாமல் முடியுமா? காருக்குப் பூசை செய்த ஐயர், நான் டிக்கியைத் திறந்து காட்டியதும், அதற்கும் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, திருநீற்றை அள்ளித் தூவினார். நான் பக்தி மிகுதியில் பாட்டைப் போட்டேன். திருநீறு முழுவதும் எழும்பி ஐயரின் முகத்தில் அப்பியது. அவர் தும்மிக்கொண்டே தேங்காயை உடைத்தார்.

அடுத்தநாள் அப்பாவைப் பின்சீற்றில் இருத்தினேன். கலியாண வீட்டில் பயந்துபோன அதே பையன் எங்கள் கோயிலில் வாசித்த தனியாவர்த்தனத்தின் பதிவை ஒலிபெருக்கிக்காரரிடம் வாங்கி வைத்திருந்தேன். போட்டேன். கார்க் கண்ணாடிகள் நடுங்கின, அயல் நாய்கள் ஓடின. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

இனிமையாகச் சிரித்தார். “வடிவாயிருக்கு.”

எனக்கு அழுகை வந்தது. அடிக்கு அடி ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய கூழாய்ப் போயிருந்தது தவில். இதில் எதை எடுத்து அவர் குறை சொல்வார்? அந்தத் திருகியைத் திருகினேன், இந்தத் திருகியைத் திருகினேன். அப்பா எல்லாவற்றுக்கும் அதே சிரிப்பைச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் போல என்னை நோகடித்தது வேறொன்றும் இல்லை.

அந்த வாரம் வெங்காயம் ஏற்றிச் சந்தைக்குப் போனோம். போகும் வழியில் பாட்டைப் போட்டால், தொப்பி அடிக்குப் பதிலாகக் கடகட, கடகட என்று ஒரு சத்தம். வந்ததே கோபம்! ஒழுங்கையில் காரை நிறுத்திவிட்டுக் கடைக்காரருக்குப் போன் எடுத்து, “தம்பி, நல்ல ஏமாத்துத்தான்! சாமான் உடைஞ்சுபோச்சு!” என்று கத்தினேன்.

நான் கத்திக்கொண்டிருக்க, மனைவி டிக்கியைத் திறந்து, பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டாள். ஒரு வெங்காயம் வந்தது. பிறகு இன்னொன்று. மூட்டை வாய் அவிழ்ந்து, பாதி வெங்காயம் பெட்டிக்குள் குடியேறியிருந்தது. அவள் ஒரு பிடி வெங்காயத்தை என் கையில் திணித்தாள்.

“இந்தாங்கோ, உங்கடை துல்லியம்.”

போனில் கடைக்காரர் சிரிப்பது கேட்டது. வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பழைய துவாய்களைச் சுருட்டி அந்த ஓட்டைக்குள் இறுக்கி அடைத்தாள்.

“விசரே உமக்கு? அது காத்துப் போற வழி!”

“காத்து வேணுமெண்டால் யன்னலைத் திறவுங்கோ. எனக்கு என்ரை வெங்காயம் வேணும்.”

வாய்ச்சண்டை முற்றியது. அந்த எரிச்சலோடுதான் மறுநாள் பின்னேரம் அப்பாவை ஏற்றிக்கொண்டு மூவருமாகக் கோப்பாய்க்குப் புறப்பட்டோம். சத்தம் எப்படிக் கெட்டுப்போயிருக்கிறது என்று மனைவிக்குக் காட்டவேண்டும் என்றே தனியைப் போட்டேன்.

சத்தம் குறைந்துதான் இருந்தது. ஆனால் என்ன இது? டும் என்றால் டும், அவ்வளவுதான். அடி விழுந்தது, நின்றது. அடுத்த அடி தனியாக வந்து விழுந்தது. கடைக்காரர் சொன்ன மூடின பெட்டியை இவள் துவாயால் செய்துவிட்டாளே! வாயைத் திறந்து ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. நெற்றி சுருங்கியிருந்தது. ஒரு கையால் சீற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தார்.

“எடேய், ஆர் உவன்?”

நான் பிறேக்கை அமத்தினேன்.

“இடக்கை நித்திரை கொள்ளுதெல்லே! எண்ணிக்கொண்டு வாறன், ஒவ்வொரு முடிவுக்கும் பிந்தி வாறான். உதுவும் ஒரு வாசிப்பே? இந்தக் கையை வைச்சுக்கொண்டு கோயிலுக்குள்ளை வர உவனுக்கு வெக்கமில்லையோ?”

அவர் நிறுத்தவில்லை. அந்தப் பையனைப் பிய்த்தார், அவன் குருவைப் பிய்த்தார், அவனைப் பிடித்த கோயில்காரரையும் விட்டுவைக்கவில்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னால் றோட்டுத் தெரியவில்லை, கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“நீ ஏன்ரா அழுகிறாய்? பிழை விட்டவன் அவனெல்லோ,” என்றார் அப்பா. “இண்டைக்கு எந்தக் கோயிலிலை வாசிக்கிறான்? திருப்படா காரை. தவிலுக்குக் கிட்டப் போய் நிக்கவேணும்.”