தீட்டுக்கல்லும் மிஷினும் என் தங்கையும்

என் தங்கை கத்தி தீட்டுபவள். முன்னறை ஜன்னலோரம் ஒரு மணை, ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமாக ஒரு தீட்டுக்கல். பதினோரு வருடமாக இதுதான் அவள் கடை. நான் எட்டாவதோடு நின்றவன். பைண்டிங் கூடத்தில் வேலை. கத்தியைக் கல்லில் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது இந்த ஊரில் அவள் கைக்குத்தான் தெரியும். அண்ணன் என்பதால் சொல்லவில்லை. தையல்காரர்கள் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் ஓட்டல் சமையல்காரர் வந்து, வாரம் ஒருமுறை இருபத்து நான்கு கத்திகளை ஒரே நாளில் தீட்டித் தர முடியுமா என்று கேட்டார். கல்லில் ஒரு நாளைக்குப் பத்து முடிந்தால் பெரிது. அதற்கே அவள் மணிக்கட்டு வீங்கிவிடும். ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு சாணை மிஷினைப் பத்து நாள் வைத்துப் பார்க்கக் கொடுத்தார். வேண்டுமா வேண்டாமா என்று சனிக்கிழமை சொல்லியாக வேண்டும்.

"மிஷின்ல அஞ்சு நிமிஷம்தான் அண்ணா. ஆனா சூட்டுல இரும்பு கெட்டுப்போய், ரெண்டு நாள்ல கூர் போயிடுச்சுன்னா? அந்த மனுஷன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றாள்.

வீட்டில் ஒரே மாதிரி இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்றைக் கல்லில் தீட்டி நீல நூலும், மற்றதை மிஷினில் பிடித்துச் சிவப்பு நூலும் கட்டினாள். என் மனைவி காய்கறியைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டாலும் நறுக்கினாள். மாலையில் நான் பைண்டிங் கூடத்துத் தாள் துண்டுகளை வெட்டிப் பார்த்து நோட்டில் குறித்துவைப்பேன்.

நான்காம் நாள் நீல நூல் கத்தி தாளை வெட்டாமல் கிழித்தது.

"நீலம் தக்காளிய நசுக்குது. சிவப்பு பரவாயில்ல" என்றாள் என் மனைவி.

"நல்லாப் பாருங்க அண்ணி!"

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

தங்கை திரும்பத் தீட்டினாள். மூன்றே நாளில் அது மறுபடியும் மழுங்கியது. "அப்போ பதினோரு வருஷமா நான் என்னத்தத் தீட்டிட்டிருந்தேன்?" என்று கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பைண்டிங் கூடத்தில், தாள் வெட்டும் மிஷின்காரர் பிளேடைக் கழற்றிக்கொண்டே திட்டினார். "இந்த வழவழப்புத் தாளு பிளேடைத் தின்னே தீத்துடும் போல!"

வீட்டுக்கு எடுத்துப்போக நான் கையில் வைத்திருந்தது அதே தாள். நோட்டைப் பிரித்தேன். சிவப்புக் கத்தியால் வெட்டியது நாளுக்கு ஒரு துண்டு. நீலக் கத்தியை மட்டும், 'என் தங்கை தீட்டினது' என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் வெட்டிக் காட்டியிருக்கிறேன். ஒன்று விடாமல் எழுதியும் வைத்திருக்கிறேன். முதல் நான்கு நாளில் மட்டும் நாற்பத்தேழு துண்டுகள்.

வீட்டில் சொன்னேன்.

"அடப்பாவி அண்ணா! பால்காரர்கிட்டயுமா காட்டின?"

"ரெண்டு தடவ."

சிரித்தாள். ஆனால் மறுநாள் சனிக்கிழமை. புதிதாகப் பார்க்க நாள் இல்லை. காலையில் ஒன்றைக் கல்லிலும் மற்றதை மிஷினிலும் மறுபடி தீட்டி, நூலை அவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எது எது என்று எனக்கு மட்டும் தெரியும். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். தக்காளியை வெட்டினாள்.

"இதுதான் என்னோடது. கல்லு."

அது மிஷினில் பிடித்தது. இன்னொரு தடவை மாற்றிக் கொடுத்தேன். அதையே கல் என்றாள். கண்ணைத் திறந்தவளிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

வாசலில் ஹார்டுவேர் கடைக்காரர் குரல் கேட்டது. "என்னம்மா, எடுத்துட்டுப் போயிடவா?"

அவள் மணிக்கட்டை ஒருமுறை தேய்த்துக்கொண்டாள். "இருக்கட்டும்ணே. ஓட்டல் கத்தியெல்லாம் இதுல பிடிக்கிறேன். எத்தனை நாள் தாங்குதுன்னு அங்கயே தெரிஞ்சுடும்."

அவர் போனதும் கேட்டேன். "தையல்காரங்க கத்திரிக்கோல்?"

"தெரியல அண்ணா. இப்பக் கேக்காத" என்றவள், கல்லைக் கழுவி எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அவள் தோற்றாளா ஜெயித்தாளா என்று எனக்கு விளங்கவில்லை. நோட்டில் தேதி போட்டு 'மிஷின்' என்று மட்டும் எழுதினேன். அவள் பேனாவை வாங்கி அதன் கீழே எழுதினாள்: 'ஓட்டல் கத்தியை அண்ணன் தொடக் கூடாது.'